பேசாத சேல்ஸ்மேனுடன் போடிமெட்டு வரை

கடந்த மே மாதக் கடைசியில் நான் போடிநாயக்கனூருக்குப் போனது ஊர் சுற்றும் ஆசையால் அல்ல. வாங்கிய திட்டால்.

நான் சின்னச் சின்னப் படங்களுக்கு வசனம் எழுதுகிறவன். நண்பர் ஒருவர் இயக்கப்போகும் படத்தில் இரண்டு சேல்ஸ்மேன்கள் ஒரு நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது, முழுக்கப் பேச்சுதான். நான் எழுதியதைப் படித்துவிட்டு நண்பர், "ரெண்டு பேரும் பட்டிமன்றத்துல நிக்கிற மாதிரி இருக்கு. ஒருத்தன்கூட எதையும் விக்கலையே!" என்றார். அவருக்குத் தெரிந்த தவசி என்பவர் போடி மலைப்பக்கம் பதினோரு வருடமாக மழைக்கோட்டும் ரப்பர் பூட்சும் விற்கிறாராம். "தவசி பேச ஆரம்பிச்சா வெயில்ல போறவன்கூடக் குடை வாங்கிருவான். போய் அவர் கூடவே சுத்து. காதை மட்டும் திறந்து வச்சுக்க" என்று அனுப்பி வைத்தார்.

மதுரையிலிருந்து காலை எட்டே கால் வாக்கில் கிளம்பும் ரயில் பத்தரைக்கெல்லாம் போடியில் இறக்கிவிடுகிறது. டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள்தான். ஆண்டிபட்டிக் கணவாய் வரும்போது ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். தேனி தாண்டியதும் எதிரே மலை வந்து நின்றுகொள்ளும், அப்புறம் நகராது.

ஸ்டேஷன் வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். தோளில் பெரிய சாம்பிள் பையோடு நின்ற நடுவயதுக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, முகம் முழுக்கச் சிரித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் நின்ற இளைஞர்தான் வாயைத் திறந்தார்.

"வாங்கண்ணே. இவுகதேன் தவசி அண்ணன். எம் பேரு பாலகுரு. அண்ணனுக்குத் தொண்டையில ஆப்ரேசன் ஆயிருக்கு. இன்னும் கொஞ்ச நாளைக்கு மூச்சு விடலாம், பேசக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு."

பேச்சைக் கேட்க வந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்! திரும்பிப் போக அடுத்த ரயில் எப்போது என்று பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. மரியாதைக்காக, "நீங்களும் அவர் கம்பெனியா?" என்று பாலகுருவிடம் கேட்டேன்.

"இல்லண்ணே. எதிர்க் கம்பெனி" என்றார், அதில் விசேஷம் ஒன்றுமே இல்லாததுபோல.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எழுநூறு ரூபாய்க்கு அறை எடுத்துப் பையைப் போட்டுவிட்டு, குரங்கணிக்கு ஜீப் ஏறினோம். பதினாறு கிலோமீட்டர், ஆளுக்கு ஐம்பது ரூபாய். ஜீப்பில் எங்களோடு அரிசி மூட்டை, உரச் சாக்கு, ஒரு தையல் மிஷின் எல்லாம் வந்தன. முந்தல் தாண்டியதும் மாமரங்களும் இலவமரங்களுமாகப் பாதை ஏறியது.

குரங்கணிக் கடையில் நான் பார்த்ததை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. பாலகுரு முதலில் தன் கம்பெனி மழைக்கோட்டை விரித்து, "இதுக்கு மேல ஒண்ணு இனிமேத்தான் பிறந்து வரணும்ணே" என்று அடித்துவிட்டார். பிறகு இரண்டு எட்டு நகர்ந்து தவசியின் பக்கத்தில் போய் நின்றார். தவசி பையிலிருந்து தன் கோட்டை எடுத்து நீட்ட, அதை வாங்கி உதறி, "அதை விடுங்கண்ணே, ரெண்டு மழைக்குத்தேன் தாங்கும். இதைப் பாருங்க" என்றார்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏப்பா, இப்பத்தான அது ஒசத்தின்ன?"

"அது எங் கம்பெனிக்குப் பேசுனது. இது அண்ணன் கம்பெனிக்குப் பேசுறது."

தவசி வயிறு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். கடைக்காரர் இரண்டிலும் இருபது இருபது எழுதிக்கொள்ளச் சொன்னார்.

டீக்கடையில் உட்கார்ந்தபோது, "பேசாம லீவு போட்டிருக்கலாமே?" என்று தவசியிடம் கேட்டேன். போனை எடுத்துத் தட்டி என் பக்கம் திருப்பினார். 'மழைக்கு முன்னாடி எடுக்கிற ஆர்டர்தான் எங்களுக்கு வருசம் பூரா சோறு. நான் சுத்துற இந்த லைனையும் கம்பம் லைனையும் ஒண்ணாக்கி ஒரே ஆளைப் போடலாமான்னு மேல பேசிக்கிட்டிருக்காக. இந்த நேரத்துல லீவு கேட்டா அவுகளுக்கு வசதியாப் போயிரும்.' கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொரு வரியும் தட்டினார். 'குரல் பழையபடி வருமான்னு டாக்டரே உறுதியாச் சொல்லல.' நான் படித்து முடித்ததும் அந்த வரியை மட்டும் அழித்துவிட்டார்.

அந்த நேரம் அவர் போன் அடித்தது. பாலகுரு சட்டென்று வாங்கித் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குரலை இறக்கிப் பேசினார். "சொல்லுங்க சார், தவசிதேன்... போடிமெட்டா சார்? இப்பவேயா? வந்துர்றேன் சார்." போனை வைத்ததும் சாம்பிள் பையைத் தூக்கினார். "அண்ணே, உங்க மேனேஜரு சொல்லாமக் கொள்ளாம வந்துட்டாரு. கார்ல மேல ஏறிக்கிட்டிருக்காராம். ராணி அக்கா கடையில நீங்க விக்கிறதைக் கூட நின்னு பாக்கணுமாம். கெளம்புங்க வெரசா!"

முந்தல் வரை ஜீப், அங்கிருந்து போடிமெட்டுக்கு பஸ். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கீழே பள்ளத்தாக்கு மொத்தமும் விரிந்து கிடக்கும் அந்த வழியை நான் அன்றைக்குச் சரியாகப் பார்க்கவே இல்லை. தவசி முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாலகுரு, மேனேஜருக்குத் தன் முகம் தெரியும் என்பதால் கடைக்குள் வர முடியாது என்று திரும்பத் திரும்பப் புலம்பிக்கொண்டு வந்தார்.

மேலே பனிமூட்டம் இறங்கியிருந்தது. பாலகுரு எதிர்ப்புற டீக்கடையில் பதுங்கிக்கொண்டார். நான் வாடிக்கையாளர்போல ராணி அக்கா கடைக்குள் போய் நின்றேன். அரிசி, பருப்பு முதல் கவாத்துக் கத்தி வரை விற்கும் கடை. ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்கள் மூன்று பேர் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயசு. வளைவுகளில் வாந்தி எடுத்த களைப்போடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தவசி. உங்க பேச்சைப் பத்தி ஆபீசே பேசுதுங்க. அக்காவுக்குப் புது மாடலை எடுத்துச் சொல்லுங்க, நானும் கேக்கறேன்."

தவசி கோட்டை எடுத்து மேசையில் விரித்தார். சுருக்கத்தை நீவினார். மறுபடியும் நீவினார். கடையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

ராணி அக்காவுக்கு விஷயம் தெரியும். தராசை ஓரமாக நகர்த்திவிட்டு, "அவரு என்னத்தச் சொல்றது? நான் சொல்றேன், கேளுங்க சார்" என்றார். கோட்டைத் தூக்கிக் காட்டினார். "இது கோட்டு இல்ல ஆத்தா, கையி வச்ச கூரை. பின்பக்கம் ஏன் குட்டையா வச்சிருக்குன்னு கேளுங்க. குந்தி உக்காந்து காய் எடுக்கையில சேத்துல இழுபடக் கூடாதுல்ல, அதுக்குத்தேன்."

"பட்டனுக்குப் பதிலா ஏன் கொக்கி?" என்று காய் எடுக்கும் பெண்களில் ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

"வெறைச்ச வெரலுக்குப் பட்டன் மாட்டாது தாயி!" இன்னொரு பெண் தவசியைப்போலவே கையை வீசி முடித்தார். "அட்டை கடிச்சா மட்டும் எங் கம்பெனி பொறுப்பில்ல!"

மூவரும் சிரித்தார்கள். பதினோரு வருடமாக அந்தக் கடையில் தவசி பேசிய பேச்சு, இழுப்பும் ஏற்ற இறக்கமும் மாறாமல் அவர்கள் வாயில் இருந்தது. தவசி குனிந்து கோட்டின் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

மேனேஜரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எல்லாஞ் சரி. தவசி, நீங்க ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க?" என்றார்.

தவசி போனை எடுத்து, உள்ளதை உள்ளபடி தட்டி அவரிடம் நீட்டினார். மேனேஜர் படித்தார். "அப்ப மத்தியானம் என்கூடப் போன்ல பேசினது யாருங்க?"

எதிர் டீக்கடையிலிருந்து பாலகுரு ரோட்டைத் தாண்டி வந்து வாசலில் நின்றார். "நாந்தேன் சார்."

"நீங்களா? நீங்க எதிர்க் கம்பெனி ஆளாச்சே!"

"ஆமா சார். மூணு வாரமா ரெண்டு பேருக்கும் நாந்தேன் பேசுறேன். அண்ணன் மேல தப்பு இல்ல."

மேனேஜர் மேசையில் கிடந்த மழைக்கோட்டை மடித்து வைத்தார். கோபப்படப் போகிறார் என்றே நினைத்தேன். "உடம்பு சரியில்லன்னு என்கிட்டச் சொல்றதுக்குக்கூடப் பயந்திருக்கீங்க. அதைத்தான் நான் யோசிக்கறேன்" என்றார் மெதுவாக. "ரெண்டு வாரம் லீவு எழுதுங்க. லைனை ஒண்ணாக்கறது என் கையில மட்டும் இல்லைங்க. ஆனா இன்னிக்குப் பார்த்ததை நான் ஆபீசுக்கு எழுதுவேன்." எழுந்து நின்றவர் பாலகுருவிடம், "பேசாம நீங்க நம்ம கம்பெனிக்கே வந்துருங்களேன்" என்றார்.

"வேணாம் சார். அப்புறம் இந்த மலையில நான் யாரோட போட்டி போடுறது?"

அன்றைக்குக் கடைசி பஸ்சில் நாங்கள் மூவரும் கீழே இறங்கியபோது பாலகுருவும் பேசவில்லை. தவசியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

இனி போகிறவர்களுக்கு: போடியிலிருந்து போடிமெட்டு சுமார் இருபத்தாறு கிலோமீட்டர், பஸ்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், வயிறு முட்டவும் சாப்பிட வேண்டாம். குரங்கணியிலிருந்து மேலே மலையேற நினைத்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் காலெடுத்து வைக்காதீர்கள். ஜூன் முதல் மழை பலமாக இருக்கும். மழைக்கோட்டை மேலே உள்ள கடைகளிலேயே வாங்குங்கள், அந்த மலைக்கென்றே தைத்தவை. இரண்டு கம்பெனியும் நன்றாகத்தான் இருக்கின்றன.

ஊருக்கு வந்ததும் வசனத்தை முதலிலிருந்து எழுதினேன். இந்தமுறை கடைக்காரர்களுக்கும் வாங்க வருகிறவர்களுக்கும் நிறைய பேச்சு வந்தது. நண்பர் படித்துவிட்டு ஒன்றும் திட்டவில்லை.

ஜூலையில் ஒரு மாலை, தெரியாத குரலில் ஒரு போன் வந்தது. லேசாகக் கரகரத்த, ஆனால் அழுத்தமான குரல். "தவசி பேசுறேண்ணே." லைன் இன்னும் அவரிடம்தான் இருக்கிறதாம். அதை மட்டும் முதல் மூச்சில் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தார். மழையைப் பற்றி, ராணி அக்காவைப் பற்றி, பாலகுருவின் கோட்டு எவ்வளவு மட்டம் என்பதைப் பற்றி. முக்கால் மணி நேரம். எனக்கு "ம்" போடக்கூட இடம் கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தால், ஒரு ஜோடி ரப்பர் பூட்சுக்கு நான் சரி சொல்லியிருந்தேன்.