அத்தை கலியாணத்தில் அப்பா நின்ற இடம்

இலங்கை மலைநாட்டு அக்கரப்பத்தனையில் வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய கல் கோயிலின் வாசற்படியில் அப்பா சட்டென்று நின்றுவிட்டார். தாயில்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவர், அவள் கையை விட்டார்.

நாங்கள் ரோமன் கத்தோலிக்கர். அத்தை கட்டிக்கொள்ளப்போனவர் பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்த இங்கிலாந்து சபைக்காரர். அந்தக் கோயிலுக்குள் கால் வைத்தால் பாவம் என்று எங்கள் சாமியார் சொல்லியிருந்தார். அதனால் அம்மா வரவேயில்லை. ஏழு வயதான நான், பூசையில் முதன்முதலாக அப்பம் வாங்கும் புதுநன்மை இன்னும் வாங்கவில்லை; எனக்குக் குற்றமில்லை என்று அப்பாவே தீர்ப்புச் சொல்லிக் கூட்டிவந்திருந்தார்.

"நீங்க வராட்டி எப்படிண்ணே?" என்றார் அத்தை.

"நீ போம்மா. நான் இங்கதான நிக்கிறேன்."

மழை பிடித்துக்கொண்டது. அத்தை தனியாக உள்ளே நடந்தார். நான் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அங்கே இருந்தது வேறு சாமி என்றுதான் நினைத்திருந்தேன். சுவரில் அதே சிலுவை. அவர்கள் சொன்ன செபமும், ஒன்றிரண்டு சொல் தவிர, எங்கள் செபம்.

மோதிரம் மாற்றும்போது திரும்பிப் பார்த்தேன். கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால், நனைந்த கம்பளியோடு அப்பா நின்றிருந்தார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

மாப்பிள்ளை குடியிருந்த லயத்து வரிசை வீட்டில் விருந்து. அப்பா உள்ளே வந்ததை மறைத்து, அவர் ஏன் வெளியே நிற்க வேண்டும் என்று மட்டும் புது மாமாவிடம் கேட்டேன். மிஷன் பள்ளியில் படித்தவர் அவர்.

"நானூறு வருசத்துக்கு முந்தி இங்கிலாந்துல ஒரு ராஜா இருந்தாரு பாப்பா. பொண்டாட்டிய தள்ளிவச்சிட்டு வேறொருத்திய கட்டணும்னு கேட்டாரு. ரோமாபுரிப் பாப்பரசர் முடியாதுன்னுட்டாரு. அப்ப என் நாட்டுக் கோயிலுக்கெல்லாம் நானே தலைன்னு பிரிச்சுக்கிட்டாரு. அதான் எங்க சபை."

அதற்குச் சற்று முந்தியே ஜெர்மனியில் ஒரு துறவி, பாவமன்னிப்புச் சீட்டை விற்கக்கூடாது என்று சண்டை பிடித்துப் பிரிந்திருந்தாராம். எங்கள் பள்ளிக்கூட வாத்தியாரின் மெதடிஸ்ட் சபை, வெகுகாலம் கழித்து மாமாவின் சபையிலிருந்தே பிரிந்ததாம். யேசுவே ஆளுக்கொரு கோயில் கட்டிக்கொடுத்தார் என்று நம்பியிருந்த நான் சோற்றை விட்டுவிட்டு மாமாவை நெருங்கி உட்கார்ந்தேன்.

"அந்த ராஜா இப்ப எங்க?"

"அவர் செத்து எத்தனையோ தலைமுறையாச்சு."

"அப்ப எங்கப்பாவ யாரு வெளிய நிக்கச் சொன்னது?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அடுத்த ஞாயிறு பூசையில் அப்பா நன்மை வாங்க எழும்பவில்லை. நன்மை வாங்கும்வரை வாயில் தண்ணீர்கூடப் படக்கூடாது; விடியற்காலையில் மறந்துபோய்த் தேத்தண்ணி குடித்திருப்பார் என்று நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே நினைத்தேன். கிறிஸ்மஸ் வரைக்கும் அவர் எழும்பவில்லை. பாவம் செய்தவர் சாமியாரிடம் அதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்க முடியாது; அப்படிச் செய்ய வேண்டுமானால் செய்ததற்காக முதலில் மனம் வருந்த வேண்டும். அப்பாவால் அது முடியவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.