வடிவக்கா பந்தியில் உட்கார்ந்த கதை

எங்கள் சந்தில் நேரம் தெரிய வேண்டுமானால் கடிகாரம் தேட வேண்டாம். வடிவக்கா யாரோடு சண்டை போடுகிறாள் என்று காது கொடுத்தால் போதும். விடிந்ததும் குழாயடியில் முறை தப்பி வாளி வைத்தவளோடு. வெயில் ஏறினால் மாவு மில்காரனோடு. சாயங்காலம், அவள் போட்ட சக்லி, அதாவது நம்மூர் முறுக்கு, நொறுங்கிக் கிடக்கிறது என்று குறை சொன்ன கடைக்காரனோடு. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தாராவியில் வாயில்லாத பெண்பிள்ளையால் ஒரு வாளித் தண்ணீர்கூடப் பிடித்துவிட முடியாது.

எதிர்க் கோலி என்னுடையது. பத்துக்குப் பத்து அறை ஒன்று, அதற்குக் கோலி என்று பெயர். லேத் பட்டறையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் அவள் அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் அவளும் கண்ணுக்கு நேரே இருப்பார்கள். ஆகவே நான் சொல்லப்போவது கேள்விப்பட்டதல்ல, பார்த்தது.

அவள் முழுப்பெயர் ஞானவடிவு. பிறந்தபோது வைத்த பெயர் சண்முகவடிவு. நாசரேத் பக்கத்து ஞானதிரவியத்துக்குக் கழுத்தை நீட்டியபோது, கல்யாணத்துக்கு முந்தின நாள் ஊர் உபதேசியார் அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரையும் பாதி மாற்றிவிட்டார். உபதேசம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். அந்தப் பிறகு வரவே இல்லை. பம்பாய்க்கு வந்தாள், பிள்ளை பெற்றாள், சக்லி பிழிந்து விற்றாள். ஞாயிறு தவறாமல் புருஷனோடு எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபைக்கும் வந்தாள். ஆனால் பந்தியில், அதாவது ரொட்டியும் திராட்சரசமும் தரும் திருவிருந்தில், மட்டும் அவளுக்கு இடம் கிடையாது.

எங்கள் சபையில் பந்தி என்றால் நிஜமாகவே பந்திதான். ஸ்காட்லாந்து துரைமார் விட்டுப்போன பழக்கம். நீள மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பக்கமும் பெஞ்சில் உட்கார்வோம். ரொட்டித் தட்டைப் பக்கத்தில் இருப்பவர் நம் கையில் தருவார். நாம் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அடுத்தவர் கையில் தர வேண்டும். ஆபீஸ் குமாஸ்தா கையிலிருந்து தோல் கிடங்குக்காரன் கைக்குத் தட்டு வரும். ஆனால் உபதேசம் படித்து, சபைப் பெரியவர்களான மூப்பர்கள் முன்னால் நின்று பதில் சொன்னவர்களுக்குத்தான் அந்தப் பெஞ்சு. ஞானதிரவியம் அண்ணன் எழுந்து போவார். ஞாயிறு பள்ளி முடித்த மகளும் ஒரு வருஷம் எழுந்து போனாள். வடிவக்கா பின்வரிசையில் கைக்குழந்தைக்காரிகளோடு உட்கார்ந்திருப்பாள்.

"தம்பி, கல்யாண வீட்டுக்கு வந்துட்டு எல எடுக்க நிக்கவ மாதிரி இருவது வருஷமா நிக்கேன். எம் மவளே போயி உக்காந்துட்டா. நா மட்டும் என்ன பாவம் செஞ்சேன்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். சண்டைக்காரியின் குரல் அல்ல அது.

அறுபத்து நாலாம் வருஷம் மூப்பர் அருமைநாயகம் பெரியவர்களுக்கென்று வகுப்பு ஒன்று ஆரம்பித்தார். அவர் செம்பூர் காலனிக்காரர். வாரம் முழுக்க ஆபீசில் பைல் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுப் பஸ் ஏறி வருவார். கோயிலுக்குப் பின்னால் இருந்த சாமான் அறைதான் வகுப்பு. நானும் சேர்ந்தேன். எனக்கு ஒன்றும் பெரிய பக்தி இல்லை. பந்தி எடுக்கிறவனுக்குத்தான் பெண் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

வகுப்பில் பாதிப் பேர் தூங்குவோம். வாரத்தில் ஒருநாள் லீவு கிடைத்தவன் வேறென்ன செய்வான்? வடிவக்கா மட்டும் முன்னால் உட்கார்ந்து வாத்தியாரை மென்று தின்றுவிடுவதுபோலப் பார்ப்பாள். அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது. மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சக்லி பிழிந்துகொண்டே கேள்வியையும் பதிலையும் உரக்கச் சொல்லிப் பாடமாக்குவாள். மாவு பிசையும்போது பத்துக் கட்டளை, சட்டி காயும்போது விசுவாசப் பிரமாணம். எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு வெறும் தகரத் தடுப்புதான். இரண்டு மாதத்தில் மொத்தச் சந்துக்கும் எங்கள் பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது. பான் கடை முகைதீன் என்னைப் பார்த்தால், "என்ன தம்பி, இன்னைக்கு எத்தனாவது கட்டளை?" என்று கேலி பண்ணுவார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பங்குனி வெயிலில், பந்திக்கு ஆயத்தமாவது எப்படி என்ற பாடம் வரும்வரை.

"நம்ம மேல யாருக்காவது மனக்குறை இருக்குன்னு நெனப்பு வந்தா, கொண்டுபோன காணிக்கைய அங்கயே வச்சிட்டு, முதல்ல போய் அவங்களோட சமாதானம் ஆகணும். அப்புறந்தான் மத்ததெல்லாம்" என்றார் அருமைநாயகம்.

வடிவக்கா கையைத் தூக்கினாள். "ஐயா, அது சபைக்காரங்களுக்குள்ளதான?"

"அப்படி எங்கயும் போடலையேம்மா."

"அடுத்த வீட்டுச் சாயபு பொண்டாட்டிக்கும் உண்டாய்யா?"

"அடுத்த வீடுன்னா கண்டிப்பா உண்டு" என்றார் மூப்பர். தூங்கினவர்கள்கூட விழித்துச் சிரித்தார்கள். வடிவக்கா சிரிக்கவில்லை.

அடுத்த வீட்டுக்காரி சபுரா. ஷேக் பரீத் அண்ணனின் மனைவி, மேலப்பாளையம் சொந்த ஊர். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். வடிவக்காவின் மகளுக்கு டைபாய்டு வந்தபோது, சக்லி ஆர்டர் நின்றுபோகக் கூடாதென்று பிள்ளையைத் தன் மடியில் போட்டு வைத்திருந்தவள் சபுராதான். பிறகு இந்த மோரி வந்தது. மோரி என்றால் வாசலோரம் பாத்திரம் கழுவும் இடம். பெரிய சட்டியைக் கழுவ இடம் போதவில்லை என்று வடிவக்கா மோரிக் கல்லை ஒரு சாண் வெளியே இழுத்துப் போட்டாள். எண்ணெய்த் தண்ணீர் சபுரா வாசலுக்குப் போயிற்று. சபுரா சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. அவள் தன் வாசலில் நாலு செங்கலை அடுக்கினாள். மழைக்காலத்தில் வெள்ளம் திரும்பி வடிவக்காவின் கோலிக்குள் புகுந்து, ஒரு மூட்டை அரிசி மாவும் களியாகிவிட்டது. அன்றைக்குக் குழாயடியில் எல்லோரும் கேட்க வடிவக்கா ஒரு சொல் சொன்னாள்: "புள்ள இல்லாத வீட்டுல தண்ணி வந்தா என்ன, நெருப்பு வந்தா என்ன?"

சபுராவுக்குக் குழந்தை இல்லை. அன்றிலிருந்து இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

பாடம் கேட்ட மறுநாள் வடிவக்கா ஒரு தட்டில் சுடச்சுடச் சக்லி எடுத்துக்கொண்டு சபுரா வாசலில் போய் நின்றாள். நான் சவரம் பண்ணிக்கொண்டிருந்தேன். கத்தியை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏட்டி சபுரா, பழசையெல்லாம் மறந்துருவோம். இந்தா, சாப்புடு."

சபுரா தையல் மிஷினை நிறுத்தினாள். "சீட்டு வாங்க வந்தியாக்கா?"

எங்கள் சபையில் பந்திக்கு முந்தின வாரம் மூப்பர் வீடு வீடாக வந்து, யாரோடாவது மனக்கசப்பு உண்டா என்று கேட்டு, இல்லை என்றால் பந்திச் சீட்டு தருவார். சீட்டு இருந்தால்தான் மேஜை. காலையில் மைத்துனன் மண்டையை உடைத்தவன்கூட "இல்லைங்கய்யா" என்று வாங்கிக்கொள்வான். தகரத் தடுப்பு வழியாக சபுராவுக்கு இதுவும் தெரிந்திருந்தது.

"ஒம் பாடம் பூரா எனக்கும் தெரியும். மூப்பரு கேப்பாரு, நீ இல்லைன்னு சொல்லணும், அதுக்கு எங்கிட்ட வந்திருக்க. எனக்காவ வரல. ஒன் சீட்டுக்கு ஏறிப்போவ நா என்ன படிக்கட்டா? சோடோ, விட்டுரு, எடுத்துட்டுப் போ" என்றாள் சபுரா. மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

வடிவக்காவுக்குத் திரும்பிச் சண்டை போடத் தெரியாதா? நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அவள் பேசாமல் தட்டோடு திரும்பி வந்தாள். அன்று முழுவதும் எங்கள் சந்தில் பாடம் கேட்கவில்லை.

மூப்பர்கள் முன்னால் நாங்கள் எல்லோரும் தேறினோம். வடிவக்கா ஒரு பதில் விடாமல் சொன்னாள். அடுத்த ஞாயிறு பந்தி. வியாழக்கிழமை சாயங்காலம் அருமைநாயகம் சீட்டுகளோடு வந்தார். ஞானதிரவியம் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக் காத்திருந்தார். மனைவியோடு பந்திக்குப் போக வேண்டும் என்று அந்த மனுஷருக்கும் எவ்வளவு ஆசை! அவரைக் கேட்டார், கொடுத்தார். மகளைக் கேட்டார், கொடுத்தார்.

"ஞானவடிவம்மா, உங்களுக்கு யாரோடயும் மனக்கசப்பு இல்லையே?"

"இருக்குய்யா" என்றாள் வடிவக்கா.

மூப்பர் திகைத்துப் போனார். "நீங்கதான் போய்ப் பேசினீங்களாமே. உங்க கடமை முடிஞ்சுதே."

"பேசுனது சீட்டுக்குய்யா. அவ சொன்னது நெசம். அந்தச் சீட்டப் பைக்குள்ள போடுங்க." சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அருமைநாயகம் அவள் பெயர் எழுதிய சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அந்த ஞாயிறு நான் முதல்முறை பெஞ்சில் உட்கார்ந்தேன். பெண் நிச்சயமாகப் போகிற சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் வடிவக்கா அதே பின்வரிசையில் இருந்தாள். சந்திலோ ஆளுக்கொன்று சொன்னார்கள். பிழைக்கத் தெரியாதவள் என்றார்கள். ஒரு பொய் சொன்னால் சாமி கண்ணையா குத்தும் என்றும் கேட்டார்கள்.

வைகாசியில் ஒருநாள் வடிவக்கா என் பட்டறைக் கடப்பாரையைக் கேட்டாள். எதற்கென்று சொல்லவில்லை. நான் வேலை முடிந்து வந்து பார்த்தபோது மோரிக் கல்லைப் பெயர்த்திருந்தாள். பழைய இடத்தைவிட இன்னும் ஒரு சாண் உள்ளே, தன் கோலிக்குள்ளேயே அதை நகர்த்திப் பதித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? சட்டிய எங்க கழுவுவிய?"

"குழாயடியில கழுவிக்கிடுதேன். நீ அந்தக் கல்ல எடுத்துக் குடு, போதும்."

சபுரா தன் வாசலில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் மோரிக் கல்லின் மேல் இருந்தது. அடுத்த பந்தி ஆடியில்தான். இப்போது யாரும் சீட்டோடு வரப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

மழை பிடித்தது. பம்பாய் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. ஒரு மத்தியானம் சந்து முழுக்க வெள்ளம். வடிவக்காவின் தண்ணீர் சபுரா பக்கம் போகாமல் நடுவாய்க்காலில் இறங்கி ஓடிற்று. ஆனால் சபுராவின் செங்கலில் முட்டிய வெள்ளம் வடிவக்காவின் வாசலை ஏறப் பார்த்தது. சபுரா எழுந்து வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தான் அடுக்கிய செங்கலை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். பிறகு நிமிர்ந்து வடிவக்காவின் மோரியைப் பார்த்தாள்.

"கல்லு வச்சிருக்க லட்சணத்தப் பாரு. கோணலா கெடக்கு. எந்தக் கொத்தன் வச்சது?"

சக்லித் தட்டைத் திருப்பி அனுப்பிய நாளுக்குப் பிறகு அவள் வடிவக்காவிடம் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. வடிவக்கா மழையில் இறங்கி வந்தாள்.

"நாந்தான் வச்சேன். ஏட்டி, அன்னைக்குக் குழாயடியில நா சொன்ன சொல்லு..."

"தெரியும்" என்றாள் சபுரா.

"அது சொல்லக்கூடாத சொல்லு. எம்புள்ளய மடியில போட்டு வளத்தவ நீ. எந்நாக்கு அழுகியிருக்கணும்."

"பஸ், போதும். மழையில நின்னு அழாத. உள்ளாற மாவு நனையுது, போய்ப் பாரு."

அன்று சாயங்காலம் சபுரா வீட்டு மிஷினின் மேல் ஒரு தட்டுச் சக்லி இருந்தது. நான் பார்த்தேன்.

இனிமேல் சண்டையே வராது என்று நினைத்தால் நீங்கள் எங்கள் சந்தை அறியாதவர்கள். கல்லை நேராக்குவது பற்றியே ஒரு வாரம் சண்டை நடந்தது. ஆடி மாதம் அருமைநாயகம் மறுபடி சீட்டோடு வந்தபோது, அன்று காலையில்தான் துணி காயப்போடும் கயிறுக்காக இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தியிருந்தார்கள். மூப்பர் பெஞ்சில் உட்கார்ந்து, போன தடவையை நினைத்தோ என்னவோ, மெதுவாகக் கேட்டார்.

"ஞானவடிவம்மா, யாரோடயாவது மனக்கசப்பு..."

வடிவக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். காலைச் சண்டை கண்ணுக்குள் நின்றிருக்க வேண்டும். ஞானதிரவியம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் நம்பிக்கை போய்விட்டது.

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து சபுராவின் குரல் வந்தது. "ஐயா, சண்டை உண்டு! தெனமும் உண்டு! கசப்பு இல்ல. அடுத்த வீட்டுக்காரி நாஞ் சொல்லுதேன், அக்காவுக்குச் சீட்டக் குடுங்க!"

அருமைநாயகம் சிரித்துக்கொண்டே சீட்டை நீட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜையில் ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் குமாஸ்தா வீட்டம்மா ஒருத்தி, நடுவில் வடிவக்கா. வாழ்நாளில் அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை நான் கண்டதில்லை. வீடு திரும்பும்போது சந்து முனையில் சபுரா காத்து நின்றாள்.

"என்னக்கா குடுத்தாவ?"

"ஒரு துண்டு ரொட்டி. ஒரு வாய் திராட்சரசம்."

"அவ்வளவுதானா? இதுக்கா இருவது வருஷமா ஏங்குன?"

"இதுக்குத்தாட்டி" என்று சொல்லி வடிவக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துல இருந்தவ தட்ட எங் கையில குடுத்தா, சபுரா. எங் கையில குடுத்தா."