மச்சான் கொண்டுவந்த ராக் குழு

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் என் மச்சானைப் பார்த்தேன். எண்பதுகளில் ராஜபாளையத்தில் இருவரும் சேர்ந்து கேசட் கடை வைத்திருந்தோம்.

பக்திப் பாட்டு பதிந்தபின் மிஞ்சும் நாடாவில் ஓர் அயர்லாந்து ராக் குழுவின் பாட்டைப் பதிந்து கொடுப்பேன். அவர்கள் புகழோடு இருந்தவரை மச்சான் அதற்குத் தடை சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் அவர்களின் ஆல்பங்கள் வரிசையாகப் படுத்தன. "தோத்தவனுக பாட்டு நமக்கெதுக்கு மாப்ள?" என்று பங்கைப் பிரித்துக்கொண்டு போனார். கடை மூடியது.

அந்தக் குழு இப்போது மறுபடி கூடிப் பாடுகிறது. அவர்கள் படம் போட்ட சட்டையோடு தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவனிடம் மச்சான் சொன்னார்: "இவிங்கள இந்த ஊருக்குக் கொண்டாந்ததே நாந்தாம்லே!"

"ஒரு பாட்டு பேரு சொல்லுங்க மச்சான், கேப்போம்" என்றேன் பின்சீட்டிலிருந்து.

"வயசாயிட்டுல்லா மாப்ள" என்று சிரித்தார்.

இறங்கும்போது மாணவன் அவருக்குத்தான் கை கொடுத்தான்.

'மச்சானை மன்னித்துவிடுங்கள்' என்பதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள்.