ஜல்தி முத்துகிருஷ்ணன்

"ஆன் பண்ணுங்க, பாப்போம்" என்கிறார் முத்துகிருஷ்ணன். ஒரு காலில் இன்னும் செருப்பு இருக்கிறது. துக்கம் விசாரிக்க வந்த வீடானாலும் அவர் கண்ணில் முதலில் படுவது, மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் கம்ப்யூட்டர்தான். அது உறுமி, இரைந்து, திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியதும், நாடி பிடித்த வைத்தியரைப் போலத் தலையை ஆட்டுவார். "அரே, இது சாகல. தூங்குது. நான் எழுப்பறேன்."

போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட்டில் அவருக்கு 'ஜல்தி முத்து' என்று பெயர். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். காத்திருப்பது என்றாலே அவருக்கு ஆகாது. வெங்காயம் முதல் விருந்தாளி வரை எல்லாமே கடல் தாண்டி வந்தாக வேண்டிய தீவில் பிறந்தவருக்கு இது பெரிய கஷ்டம். படகுத்துறையில் முதல் ஆளாகப் போய் நிற்பார். கடைசியாக வந்தவரோடு அதே படகில் அக்கரை சேர்வார். பந்தியில் சாம்பார் வாளி வரும்போதே ரசம் எங்கே என்று எட்டிப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் கையில் எஸ்எஸ்டி கிடைத்தது. சீட்டுக்கட்டை விடச் சிறிய, தட்டையான பெட்டி. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு இதை மாட்டினால் எந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரும் துள்ளி எழும். மெயின்லேண்டிலிருந்து ஒன்றை வரவழைத்துத் தன் வீட்டில் மாட்டியதும், மனைவி சுசீலாவைக் கூவி அழைத்தார். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு வருவதற்குள் திரை வந்துவிட்டது. அணைத்து மறுபடி போட்டுக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் சுசீலா. "மிச்சமான நேரத்துல என்ன பண்ணப் போறீங்க?"

அதற்குள் அவர் அடுத்த கம்ப்யூட்டரைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

கூலி வாங்க மாட்டார். ஆனால் வீட்டார் எல்லாரும் வந்து நின்று, பெட்டி திறப்பதைப் பார்த்து, வாய் விட்டு வியக்க வேண்டும். அதற்குள் விளக்கமும் சொல்லி முடிப்பார்: "ஹார்ட் டிஸ்க்னா ரங்கத் போற பஸ். உள்ள தகடு சுத்தணும், முள்ளு தேடணும். காட்டு வழியில கான்வாய்க்கு நிக்கும், படகு வர ஜெட்டில நிக்கும். இது ஹெலிகாப்டர். ஏறினா எறங்கினா, அவ்ளோதான்!"

பஷீராவின் வீட்டுக்கும் அப்படித்தான் போனார். பஷீரா வீட்டிலேயே எம்பிராய்டரி மெஷின் வைத்துத் தைப்பவர். கணவர் ஆரிப்புக்குக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. ரவிக்கைக்கும் துப்பட்டாவுக்கும் வேண்டிய பூக்களையும் கொடிகளையும் பஷீரா தானே கம்ப்யூட்டரில் வரைந்து, பென் டிரைவில் ஏற்றி மெஷினுக்குக் கொடுப்பார். பல வருட உழைப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

புதிய எஸ்எஸ்டி சிறியது. விண்டோஸும் தையல் மென்பொருளும் ஏறியதும் இடம் குறைந்துவிட்டது. டிசைன்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும், அதையும் கூடவே மாட்டிக்கொள்ளலாம் என்றால், அதற்கு இன்னொரு கேபிள் வேண்டும். "கேபிள் கப்பல்ல வருது. அதுவரைக்கும் டிஸ்க் எங்கிட்ட பத்திரமா இருக்கட்டும்" என்று பையில் போட்டுக்கொண்டார். அப்போதைக்கு வேண்டிய டிசைன்கள் பென் டிரைவில் இருந்ததால் பஷீராவும் சரி என்றார்.

கேபிள் வந்தது. அதற்குள் முத்துகிருஷ்ணனின் மேசையில் ஒரே மாதிரியான ஹார்ட் டிஸ்க்குகள் நிறையச் சேர்ந்திருந்தன. வண்டூரில் ஒரு நண்பருக்குக் காலி டிஸ்க் தேவைப்பட்டபோது, அவர் ஒன்றை எடுத்தார், ஃபார்மேட் செய்தார். எது யாருடையது என்று பார்க்கவில்லை. அவசரத்தில் நண்பருக்கு வேறொன்று போக, அழித்ததே கேபிளோடு பஷீராவின் பெட்டிக்குத் திரும்பியது.

பஷீரா போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. 

"அண்ணே, நீங்க மாட்டிக் குடுத்த டிஸ்க்கைத் தொறந்தேன். பெட்டி என்னவோ ஜல்தியாத்தான் தொறக்குது. உள்ள ஒண்ணுமே இல்லியே."

பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ரவிக்கையும் துப்பட்டாவும் கொடுத்தவர்கள் இன்ன கொடி, இன்ன பூ என்று பழைய டிசைன்களையே கேட்டிருந்தார்கள். முத்துகிருஷ்ணன் தன் தவறைச் சொல்லிவிட்டார். 

போர்ட் பிளேரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சந்திரமோகனுக்குப் போன் போட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஃபார்மேட் பண்ணது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?"

"ஹார்ட் டிஸ்க்."

"பொழைச்சீங்க. உங்க ஹெலிகாப்டரா இருந்தா அழிக்கச் சொன்னதும் சுத்தமாத் தொடைச்சிருக்கும். பழைய டிஸ்க் சோம்பேறி. மேலாக்க மறந்த மாதிரி இருக்கும், உள்ள அப்படியே வெச்சிருக்கும். மேல எதையும் எழுதாதீங்க. மீட்கற சாஃப்ட்வேர் தரேன், ஓட விடுங்க. மெதுவாத்தான் போகும்."

"எவ்ளோ மெதுவா?"

"நீங்க தாங்க மாட்டீங்க."

தன் வீட்டில் வைத்து மீட்டுத் தருகிறேன் என்று முத்துகிருஷ்ணன் சொன்னதற்குப் பஷீரா ஒப்பவில்லை. "ஒரு தடவை எடுத்துட்டுப் போனது போதும் அண்ணே. இங்கயே என் கண் முன்னால பண்ணுங்க."

ஆக, விடுப்பு எடுத்துக்கொண்டு பஷீராவின் முன்னறையில் உட்கார்ந்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு. அது நகர்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. மீதி நேரம் என்று காட்டிய கணக்கு குறையாமல் கூடியது. பாதி வழியில் மின்சாரம் போனது. நல்லவேளை, இன்வெர்ட்டர் தாங்கியது. கடையிலிருந்து வந்த ஆரிப் அவரைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்ன பாய், ஜெட்டில கூட்டமா?" என்றார். முத்துகிருஷ்ணன் பதிலுக்குச் சிரிக்க முயன்றார். உள்ளே பஷீரா யாருக்கோ போனில், "வந்துக்கிட்டே இருக்கு அக்கா" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் தலை தாழ்ந்தது.

மறுநாள் கோடு முடிந்தது. டிசைன்கள் ஏறக்குறைய எல்லாமே கிடைத்துவிட்டன. பெயர்கள்தான் கிடைக்கவில்லை, எல்லாம் வெறும் எண்களாக வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் புதிதாகப் பெயர் வைக்க வேண்டும்.

பஷீரா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் அமர்ந்தார். முத்துகிருஷ்ணன் முதல் கோப்பைத் தட்டினார். கண் இமைப்பதற்குள் திறந்தது. ஒரு மல்லிகைக் கொடி.

"இது என் தங்கச்சி சபாவோட கல்யாண மருதாணிக்குப் போட்டது" என்றார் பஷீரா. சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்கவில்லை. கொடி வளைந்து போகும் இடத்தை விரலால் தொட்டார். "இந்த எல வரைய வராம அழுதேன். முதல்ல வரைஞ்சது இதுதான்."

முத்துகிருஷ்ணனின் விரல் அடுத்த கோப்பின் மேல் போய் நின்றது. அவர் பஷீராவின் முகத்தைப் பார்த்தார். பிறகு விரலை எடுத்து, மவுஸை மெல்ல அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.