திரைக்குப் பின்னால் இன்னொரு மாணவி

இது நடந்த விஷயம். அற்புதராஜ் மாஸ்டர் சொல்வதை எல்லாம் அப்படியே நம்புகிறவர் காரைக்காலில் யாரும் கிடையாது. பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரியின் இங்கிலீஷையே மேடையில் வைத்துத் திருத்தியதாக அவர் சொல்லிக்கொள்வதை ஊரே சிரித்துக்கொண்டுதான் கேட்கும். ஆனால் இதை நம்பலாம். ஏனென்றால் இந்தச் சம்பவத்தில் அவருக்குப் பெருமை ஒரு சிட்டிகைகூட இல்லை. பெருமை கிடைக்காத பொய்யை அவர் சொன்னதாக வரலாறே இல்லை.

எண்பத்தொன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். ஊரில் பாதி இளவட்டம் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். பிரெஞ்சுக்காரன் போன இடத்தில் இங்கிலீஷ் வந்து உட்கார்ந்திருந்தது. இங்கிலீஷ் போன இடமெல்லாம் டெரிலின் கோட்டு மாட்டிக்கொண்டு அற்புதராஜ் போய் உட்கார்ந்திருந்தார். சித்திரை வெயிலிலும் அந்தக் கோட்டைக் கழற்றமாட்டார். பேயுரு வேண்டிப் பெற்ற அம்மையாரின் ஊரில் பிறந்திருந்தும் பேயை நம்பாதவர். "பேய்ங்கிறது படிக்காதவன் செய்யுற தப்பு" என்பார்.

அவருடைய வித்தை ஒன்றே ஒன்றுதான். சிம்பிள் பிரசன்ட்.

"விசா ஆபீஸ்ல என்ன கேப்பான்? உன் புருஷன் எங்க இருக்கான், என்ன வேலை பாக்குறான், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர்றான். எல்லாம் அன்னாடம் நடக்குறது. அன்னாடம் நடக்குறதுக்கு சிம்பிள் பிரசன்ட் போதும். மிச்சத்தை எல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோகாம கண்டுபிடிச்சான்."

மிச்சம் அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

பள்ளிவாசல் தெருவில் ஆஸியா பீவி வீட்டுக்கு அவர் பாடம் சொல்லப் போனது இப்படித்தான். ஆஸியா பீவியின் மகன் சேக் பரீது சிங்கப்பூரில் ஜவுளிக்கடையில் இருந்தார். மனைவி உம்மு சல்மாவுக்குப் பத்தொன்பது வயது. கல்யாணம் முடிந்து இரண்டு வாரத்தில் மாப்பிள்ளை கப்பல் ஏறிவிட்டார். இப்போது மனைவியை அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார். அதற்கு மதராஸில் ஓர் இன்டர்வியூ. அதில் சல்மா தேறவேண்டும். தேறாவிட்டால் புருஷன் அடுத்த விடுப்பில் வரும்வரை, அதாவது இன்னும் மூன்று வருஷம், அவள் இந்த வீட்டில் காத்துக்கிடக்க வேண்டும்.

மாஸ்டருக்கு முன்கூடத்தில் நாற்காலி. உள்கூடத்து வாசலில் கனத்த பச்சைத் திரை. சல்மா திரைக்கு உள்ளே. அவர் கேட்பார், அவள் பதில் சொல்வாள். முகம் பார்த்ததில்லை. திரைக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று அந்நிய ஆண்பிள்ளை கேட்பது அந்தத் தெருவில் மரியாதை இல்லை. மரியாதை விஷயத்தில் மாஸ்டர் பிரெஞ்சுக்காரனுக்கே பாடம் எடுப்பவர். அவர் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்.

முதல் வாரம் ஒரு குரல்தான். சின்னக் குரல், பயந்த குரல். "ஹி ஒர்க்... இன் எ ஷாப்." இரண்டாவது வாரம் இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் முதிர்ந்த, தாழ்ந்த குரல். சல்மா தடுமாறும் இடத்தில் அது நிதானமாகச் சொல்லும்: "ஹி ஒர்க்ஸ் இன் எ ஷாப்." சுத்தம். பிசிறே கிடையாது.

நாத்தனார் யாராவது கூட உட்கார்ந்து படிக்கிறாள் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். உள்ளுக்குள் பூரிப்பு. டீக்கடையில் சொல்லியும் விட்டார்: "என் பாடத்தைச் சும்மா காதுல வாங்கினவளே இப்படிப் பேசுறா!" வீட்டு வேலைக்காரி பூவாயி டீ கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம், உள்ளே கேட்கட்டும் என்று, "வெரி குட்... அந்த இன்னொருத்தருக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்பார். பூவாயி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போவாள். மாஸ்டர் அதைப் பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை. திங்கட்கிழமை மதராஸ். மத்தியானத்திலிருந்தே மழை. சாயங்கால அசர் தொழுகை முடிந்து பாடம் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கரண்டு போனது. கூடம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது.

மாஸ்டர் கேட்டார், இங்கிலீஷில்: உன் கணவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார்?

சல்மாவிடமிருந்து பதில் இல்லை. பாவம், இரண்டு வாரம் வாழ்ந்தவளுக்கு என்ன தெரியும்?

மற்ற குரல் சொன்னது. "ஹி கம்ஸ் அட் நைன்."

"குட். வந்து என்ன செய்றார்?"

"ஹி வாஷஸ் ஹிஸ் ஃபீட்." கால் கழுவுகிறார். "ஹி டஸ் நாட் டாக்." பேசுவதில்லை.

"வெரி குட்! அப்புறம்?"

மழைச் சத்தம் மட்டும்.

"ஹி ஹோல்ட்ஸ் மை ரிஸ்ட்... வென் ஹி ஸ்லீப்ஸ்."

தூங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார்.

மாஸ்டருக்குக் காது சூடானது. நாத்தனார் பேசுகிற பேச்சா இது?

அப்போது காற்று அடித்தது. திரை தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியது. அவர் பார்க்க நினைக்கவில்லை. பார்த்துவிட்டார்.

மருதாணி வைத்த இரண்டு பாதங்கள். ஒருத்தியுடையவை. வேறு கால்கள் இல்லை.

காற்று நின்றது. திரை இறங்கியது.

ஆனால் ஓரிடம் மட்டும் அசைந்தது...

ஆள் நின்றால் முகம் இருக்கும் உயரம். அங்கே துணி உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே... வெளியே...

ஒரு வாய் அளவுக்கு.

"ஹி ஹோல்ட்ஸ் மை ரிஸ்ட்."

குரல் திரைக்குப் பின்னாலிருந்து வரவில்லை. திரையிலிருந்து வந்தது.

மாஸ்டருக்கு இங்கிலீஷ் எங்கே போனதென்று தெரியவில்லை. தமிழும் பாதிதான் வந்தது.

"உள்ள... உங்ககூட யாரும்மா?"

"யாருமில்லையே சார். நான் மட்டுந்தான்."

"அப்ப இத்தனை நாளா பதில் சொன்னது?"



"அது உங்க மவ இல்லையா சார்? தொணைக்குக் கூட்டிட்டு வர்றீங்கன்னுல்ல நெனச்சேன்... எப்படிக் கேக்குறதுன்னு இருந்தேன்..."

அற்புதராஜுக்குப் பிள்ளையே கிடையாது.

நாற்காலி சாய்ந்த சத்தத்தில் அடுப்படியிலிருந்து ஆஸியா பீவி ஓடிவந்தார். மாஸ்டர் கோர்வையில்லாமல் உளறினார். ஒரு குரல்... கால் கழுவுவது... மணிக்கட்டு...

மணிக்கட்டு என்றதும் திரைக்குப் பின்னால் சல்மா மெல்லச் சொன்னாள்: "நெசந்தான் மாமி. புடிச்சிக்கிட்டுத்தான் தூங்குவாங்க. நான் யாருட்டயும் சொல்லலியே."

ஆஸியா பீவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா... கமரு..."

கமர் நிஷா. சேக் பரீதின் மூத்த மனைவி. மூத்தவள் ஒருத்தி இருந்து இறந்தாள் என்பது சல்மாவுக்குத் தெரியும். எப்படி என்பதை யாரும் சொல்லவில்லை. ஆஸியா பீவி இப்போது சொன்னார். அவளும் இதே இன்டர்வியூவுக்குத்தான் படித்தாள். இதே வாசலில், இதே திரைக்குள் உட்கார்ந்து. அப்போது வேறு வாத்தியார். அவள் நன்றாகப் படித்தாள். தேறினாள். விசா வந்தது. கப்பலுக்கு முந்தின வாரம் காய்ச்சல் கண்டு அடங்கிப்போனாள்.

"கப்பலு போயிருச்சா, கப்பலு போயிருச்சான்னு கேட்டுக்கிட்டே கெடந்தா சார்."

மாஸ்டர் எழுந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். பின்னாலிருந்து சல்மாவின் குரல் வந்தது.

"சார், நாளைக்கும் வாங்க. எனக்கு இன்னும் வரலியே. நான் போவணும் சார்."

மறுநாள் மாஸ்டருக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பப்பட்டது. பேயை நம்பாதவருக்கு வருகிற காய்ச்சல்தான். சாயங்காலம் கடைத்தெருவில் பூவாயியைப் பார்த்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்தப் பொண்ணு... படிக்குதா?"

"படிக்குதுங்க. கதவச் சாத்திக்கிட்டு."

"தனியாவா?"

பூவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இது கேக்குது, அது சொல்லுது. ரெண்டு கொரலுங்க. நான் அந்தப் பக்கமே போவல."

சல்மா தேறினாள். கார்த்திகையில் விசா வந்தது. தை பிறந்ததும் நாகப்பட்டினத்தில் கப்பல். மதராஸுக்குத் துணைக்குப் போனவரும், கப்பலேற்றிவிட்டு வந்தவரும் சேக் பரீதின் தம்பி மன்சூர் அலிதான். திரும்பிய அன்றே மாஸ்டர் வீட்டுக்குச் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒங்க புண்ணியம் சார். மதராஸ்ல என்னமாப் பேசுனுச்சுங்கிறீங்க! கடைசியா ஒண்ணு கேட்டாங்க, நீ எதுக்குப் போறேன்னு. தயக்கமே இல்ல. 'ஹி வெயிட்ஸ் ஃபார் மீ'ன்னு பட்டுன்னு வந்துச்சு."

அவர் எனக்காகக் காத்திருக்கிறார்.

மாஸ்டர் அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

"நீங்க உள்ள இருந்தீங்களா?"

"என்னைய விடலீங்க. கதவுக்கு வெளிய நின்னேன். ஆபீசரோட உள்ள இருந்த அம்மா நல்ல மாதிரி போல. அண்ணி திணர்றப்ப எல்லாம் மெல்ல எடுத்துக் குடுத்தாங்க. அந்தக் கடைசி பதிலக்கூட அந்தம்மாதான் மொதல்ல சொன்ன மாதிரி இருந்துச்சு."

"எந்த அம்மா?"

"கூட இருக்குற ஆபீசரம்மான்னுதான்..."

மன்சூர் அலி நிறுத்தினார். எதையோ இப்போதுதான் நினைத்துப் பார்ப்பவர்போல முகம் மாறியது.

"என்ன தம்பி?"

"கதவத் தெறந்துகிட்டு அண்ணியோட வெளிய வந்தது... அந்த ஆம்பள ஆபீசர் மட்டுந்தாங்க, சார். உள்ள வேற யாருமே இல்ல."

மாஸ்டர் சர்க்கரையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"கப்பல் போயிருச்சா?"

"போயிருச்சுங்க."