மேசைக்கு அடியில் ஒரு கை

அந்த மழலையர் பள்ளியில் அவளை எல்லோரும் நட்டு டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இளம் வயதிலிருந்தே வண்டி உதிரிபாகக் கடையில் நின்று நட்டும் போல்ட்டும் எடை போட்டுக் கொடுத்தவள். கடைக்காரர் கடையை மூடியதும், நாற்பது வயதுக்கு மேல் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்து, மகள் வயதுப் பெண்களோடு பரீட்சை எழுதி, இங்கே வேலைக்கு வந்தாள். வரும்போது கடையின் பழைய சாமான் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தாள். "டீச்சருக்கே ஒரு நட்டு கழண்டிருக்கு" என்று சமையல்கார அக்கா சொல்லிச் சிரிக்க, பெயர் நிலைத்துவிட்டது. இவளுக்கு அதில் வருத்தமே இல்லை. கழன்றதால்தானே இந்த வயதில் இந்த வேலைக்கு வந்தேன் என்பாள்.

அவளுடைய வித்தை இதுதான். அட்டைப்பெட்டி மூடிக்குள் ஒரு வெள்ளைத்தாள், அதன்மேல் நாலைந்து சொட்டு பெயின்ட், நடுவில் ஒரு நட்டு. மூடியை இரண்டு குட்டி மேசைகளுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்து, அடியில் காந்தத்தை நகர்த்தினால் மேலே நட்டு வண்ணத்தை இழுத்துக்கொண்டு ஓடும். பிள்ளைகள் எதையும் வாயில் போடும் ஜாதி என்பதால், கெட்டுப்போன ஸ்பீக்கர்களிலிருந்து எடுத்த உள்ளங்கை அகலக் காந்தங்களைத்தான் கொடுப்பாள். நட்டும் லாரிக்குப் போடுகிற சைஸ். முதல் நாள் அட்டை மூடிக்குப் பதில் தகரத் தட்டை வைத்துவிட்டு, காந்தம் தட்டையே கவ்விக்கொண்டு நகராமல் நிற்க, அசடு வழிந்தாள். மறுநாளிலிருந்து வகுப்பே அவள் பின்னால் ஓடியது.

ஓடாதவள் ஒருத்திதான். நாலு வயதுப் பெண். ஆள் இத்தனூண்டு, காரம் அத்தனை, அதனால் டீச்சர் அவளை மிளகு என்பாள். கையில் ஒரு சொட்டு ஏதாவது பட்டால் போதும், ஊரைக் கூட்டிவிடுவாள். பெயின்ட், பசை, மண், எதுவும் ஆகாது. காந்தத்தில் பழைய பெயின்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் அதையும் தொடமாட்டாள். பிள்ளை இப்படி இருப்பதற்குத் தாய்தான் காரணம் என்று அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவின் அக்கா தினமும் ஒரு பாட்டம் பாடுவாளாம். "உன் சுத்தம்தான் புள்ளையக் கெடுத்துச்சு" என்று. அந்த அம்மா இதை வாசலில் நின்று சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். பார்க்கிறவர்களுக்குத்தான் மனசு கேட்காது.

பெற்றோர் கூட்டம் வந்தது. முந்தின நாள் எல்லாப் பிள்ளைகளின் படமும் சுவரில் ஏறிவிட்டது. மிளகின் பெயருக்குக் கீழே மட்டும் வெறும் சுவர். டீச்சர் அவளைத் தனியாக உட்காரவைத்தாள். கெஞ்சினாள், கொஞ்சினாள். குழந்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதது. சரி, அழுகையை நிறுத்தலாமே என்றுதான் டீச்சர் காந்தத்தை எடுத்து மூடிக்கு அடியில் கையை விட்டாள். நட்டு நீலத்தை இழுத்துக்கொண்டு ஒரு வளைவு போட்டது. அழுகை பட்டென்று நின்றது. குழந்தை கண் கொட்டாமல் பார்த்தது. ஒரு கோடு இரண்டாகி, நீலத்தோடு மஞ்சளும் சேர்ந்து, டீச்சருக்கே ருசி தட்டிவிட்டது. கடைசியில் பார்த்தால் வகுப்பிலேயே அழகான படம் அதுதான். அதில் மிளகின் பெயரை எழுதி மாட்டினாளே, அங்கேதான் புத்தி புல் மேயப் போயிருந்தது.

மறுநாள் அந்த அம்மா படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"டீச்சர், இவளா? இவளே போட்டாளா?"

பக்கத்தில் தலைமை ஆசிரியை. முன்னால் கண் கலங்கி நிற்கும் தாய். டீச்சர், "ஆமாம்மா" என்றாள். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லோடு படம் வீட்டுக்குப் போய், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி, நாத்தனார் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே சுவரில் தொங்கியது. "இப்பல்லாம் அவங்க வாயே தெறக்கறதில்ல டீச்சர்" என்று அந்த அம்மா சந்தோஷமாகச் சொல்லச் சொல்ல, டீச்சர் அடுக்கின காந்தங்களையே மறுபடி அடுக்கினாள். உண்மையைச் சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளை பேரில் ஒரு பொய் தொங்கிக்கொண்டே இருக்கும்.

வெளியூரில் வேலை பார்க்கும் அப்பா லீவில் வந்தார். அம்மா அவரை நேராகப் பள்ளிக்கே கூட்டிவந்துவிட்டாள்.

"அப்பா முன்னாடி ஒண்ணு போட்டுக் காட்டட்டும் டீச்சர்."

டீச்சர் காந்த டப்பாவைப் பின்னால் தள்ளினாள். "இன்னிக்கு வேணாமே, குழந்தை ஒரு மாதிரி இருக்கா" என்று இழுத்துப் பார்த்தாள். எடுபடவில்லை. நெட்டையான அப்பா குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் மூடியை வைத்தாள், தாளை விரித்தாள், சிவப்பும் பச்சையும் சொட்டவிட்டு நடுவில் நட்டை வைத்தாள். இன்னொரு தடவை திருட்டுத்தனம் செய்வதில்லை என்று தீர்மானம் பண்ணி, காந்தத்தைப் பிடித்த கையை எல்லோரும் பார்க்க மேசைமேலேயே வைத்துக்கொண்டாள். விரலிலிருந்து மணிக்கட்டு வரை ஈரப் பெயின்ட்.

மிளகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நட்டையே பார்த்தாள். நட்டு அசையவில்லை. அப்பா மனைவியைப் பார்த்தார். அம்மா மகளைப் பார்த்து, "போடும்மா, அன்னிக்குப் போட்டியே" என்றாள். அந்தக் குரலைக் கேட்கவே டீச்சருக்குப் பாவமாக இருந்தது. சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் மிளகுக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலியை விட்டு இறங்கி, மேசையைச் சுற்றிவந்து, டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, காந்தத்தோடு மேசைகளுக்கு நடுவே, மூடிக்கு அடியில் கொண்டுபோனாள்.

"இங்க வை. ம், போ."

கை போனது. மேலே நட்டு ஓடியது. "அங்க இல்ல! இங்க!" மணிக்கட்டைச் சுண்டி இழுத்தாள். சிவப்பு பச்சைக்குள் புகுந்து பழுப்பாகி, கோணல்மாணலாகத் தாளின் ஓரத்துக்கு ஓடியது. பார்க்கச் சகிக்காத கோடு. ஆனால் போன இடமெல்லாம் அவள் சொன்ன இடம்.

அம்மா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"அப்போ அன்னிக்கும் உங்க கைதானா டீச்சர்?"

"ஆமாம்மா. அன்னிக்கு முழுக்க நான்தான். இவ பாத்துக்கிட்டு மட்டும்தான் இருந்தா. நான் பொய் சொல்லிட்டேன்."

"நான் அதைச் சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கேனே. நாத்தனாரை அது முன்னாடி உக்கார வெச்சிருக்கேனே."

டீச்சரால் தலை நிமிர முடியவில்லை. கையும் நின்றுவிட்டது. அப்போதுதான் டீச்சரின் மணிக்கட்டில் வழிந்திருந்த சிவப்பு மிளகின் உள்ளங்கை முழுக்க அப்பியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மிளகும் பார்த்தாள். அம்மா வழக்கம்போல் கைக்குட்டையை எடுத்துவிட்டாள். இதோ அலறப்போகிறாள் என்று மூன்று பெரியவர்களும் காத்திருந்தார்கள்.

மிளகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். டீச்சரின் புடவையில் அழுத்தித் துடைத்தாள். மறுபடியும் அதே ஈர மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் நிறுத்தினே? போ."

அம்மா கைக்குட்டையை மேசைமேல் போட்டுவிட்டு, புருஷனுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"உங்ககிட்ட எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கு டீச்சர்" என்றாள். "அவ முடிக்கட்டும். அப்புறம் போடறேன்."