சாமி மூலையில் வைக்காத வால்வு

என் அப்பா ஒரு ரசாயன ஆலையில் எஞ்சினியர். எந்தக் குழாயில் எந்த இடத்தில் வால்வு வர வேண்டும் என்று சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அப்படிப்பட்டவர் சொந்த வீட்டில் ஒரு வால்வை இடம் மாற்றி வைத்துவிட்டு, நாங்கள் இருந்த அமெரிக்க ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கின் தமிழர்களின் கேலிக்கு ஆளானார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் குளிர்காலச் சூடு தண்ணீரால் வந்தது. சமையலறையை ஒட்டி ஒரு பாய்லர். அதில் சூடான தண்ணீர் சுவரோரக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளையும் சுற்றிவிட்டுத் திரும்பும். ஊருக்குப் போகிறவர்கள் ஹீட்டரைக் குறைத்து வைத்துவிட்டுப் போவார்கள். அம்மாவுக்கு அது ஆகாது. ஈரோட்டில் கேஸ் சிலிண்டரை மூடாமல் யாராவது ஊருக்குக் கிளம்புவார்களா என்று கேட்டாள். அப்பாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் ஹீட்டரை அணைத்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். ஆகவே ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட்டுப் போவது என்று முடிவாயிற்று.

வடிக்கும் வால்வு, குழாயின் ஆகத் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு அது பின்னறை. முன்பு கார் நிறுத்திய இடம், மூன்று படி கீழே. அப்பா தரையில் படுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதிலும் வடகிழக்கு மூலைதான் என்று சுவரில் பென்சிலால் குறித்தார். அங்கேதான் அம்மாவின் சாமி அலமாரி இருந்தது. அந்தத் தண்ணீர் கறுத்து நாறும் என்பது அவளுக்குத் தெரியும்.

"சாமி காலடியில சாக்கடைத் தண்ணியத் தொறந்து விடறதாங்க? வேறெங்காச்சும் வெச்சுக்குங்க."

வேறு எங்கே வைத்தாலும் அந்த மூலையில் தண்ணீர் தங்கிவிடும் என்று அப்பா இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். படம்கூட வரைந்து காட்டினார். அம்மாவிடம் எந்தப் படமும் செல்லுபடியாகாது. மூன்றாம் நாள் வாஷிங் மெஷின் பக்கத்தில், அந்த மூலையைவிட நாலு விரல் உயரத்தில், வால்வைப் பொருத்தினார்.

ஜனவரியில் அம்மாவின் அப்பா படுத்துவிட்டதாகப் போன் வந்தது. உடனே கிளம்பலாம் என்றார் அப்பா. எனக்கு ஸ்கூலில் டெஸ்ட் இருக்கிறது என்று அம்மா நாலு நாள் தள்ளிப் போட்டாள். பிறகு அப்பா தண்ணீரை வடித்தார், ஹீட்டரை அணைத்தார், புறப்பட்டோம். ஈரோடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவுக்கு முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்துத் திரும்பினோம். கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்பா குழாய்களில் மறுபடி தண்ணீர் ஏற்றினார். சற்று நேரத்தில் பின்னறையில் சீறும் சத்தம். சாமி மூலையில் குழாய் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. கறுப்புத் தண்ணீர் சாமிப் படங்களின் மேலெல்லாம் அடித்தது. அப்பா ஓடிப்போய்த் தண்ணீரை மூடினார். அம்மா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு நாள் தள்ளிப் போட்டதும் நான்தான். இதுவும் நான்தான்."

"இது நீ இல்ல," என்றார் அப்பா. "நான் மட்டம் பாத்ததுல தப்பு. இந்த மூலைதான் தாழ்வுன்னு எனக்கே தெரியல."

சுவரில் பென்சில் குறி இருக்கிறதே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். டவல் எடுத்து வரச்சொல்லி விரட்டினார். கொண்டு வந்து பார்த்தால், குறி இருந்த இடத்தை அவர் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோய்க் கூடிச் சாப்பிடும் பாட்லக்கிலெல்லாம் இந்தக் கதையை அவரே எடுத்துவிடுவார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாத எஞ்சினியர் என்று அங்கிள்கள் சிரிப்பார்கள். அப்பா அவர்களைவிடப் பலமாகச் சிரிப்பார். எனக்கு மானம் போயிற்று. ஒருநாள் பொறுக்க முடியாமல், அப்பாவுக்கு எல்லாம் தெரியும், அம்மாதான் அங்கே வைக்க விடவில்லை என்று எல்லார் முன்னிலும் இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னேன்.

"அவ சின்னப் பொண்ணு. அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்?" என்றார் அப்பா.

திரும்பும்போது காரில் வழியெல்லாம் அழுதேன். ரசமட்டம், பென்சில், படம் எல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. முன் சீட்டில் அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். என் பக்கத்து நியாயம் அவளுக்காவது புரிந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.